வாசகர் கேள்வி பதில்: ஒன்பது சதவீதத்தை ஒளித்து வைக்கும் ஏல்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மாண்ட்ரியலுக்கு அருகே ஷாம்ப்ளி என்னும் ஊரில் தயாராகும் 'லா ஃபேன் டு மோண்ட்' என்ற பெல்ஜிய பாணி ஏலைப் (மிதமான வெப்பத்தில் நொதிக்க வைக்கும் பீர் வகை) பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். பெல்ஜியத்துக்கு வெளியே இந்த வகையில் நல்ல எடுத்துக்காட்டு எது என்று ஒருவர் கேட்டிருந்ததற்கு அது பதில். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்கள் அனைத்தும் அதே ஏலைச் சுற்றியே இருப்பதால், இம்முறை வேறு பொருள்களை ஒதுக்கிவிட்டு இதற்கே இடம் தருகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன்.

நம் ஊர்க் கடைகளில் விற்கும் ஸ்ட்ராங் பீரிலும் எட்டு சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கிறது. நீங்கள் எழுதியதில் ஒன்பது. ஒரு சதவீதம் கூடியதற்கா இவ்வளவு பாராட்டு?
— வாசகர், சென்னை

கூடுதலாக உள்ள அந்த ஒரு சதவீதத்தை நான் பாராட்டவில்லை. ஒன்பது சதவீதம் இருப்பதே நாக்குக்குத் தெரியாதபடி செய்திருப்பதைத்தான் பாராட்டினேன்.

இந்தியாவில் 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பீர் 'ஸ்ட்ராங்' என்ற பிரிவில் வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை குளிரில் நொதிக்க வைக்கும் லாகர் வகையைச் சேர்ந்தவை. உறைநிலைக்குச் சற்று மேலே வரை குளிர்வித்துக் குடிப்பதை மனத்தில் வைத்தே செய்யப்படுபவை. அந்தக் குளிர்ச்சி இருக்கும் வரை குறை எதுவும் தெரியாது. கோப்பை சிறிது சூடானதும் ஒட்டிக்கொள்ளும் இனிப்பும், ஊசி ஏற்றியதுபோல் மூக்கில் ஏறும் ஆல்கஹால் நெடியும் மேலே வந்துவிடும். பெல்ஜிய பாணியில் நன்றாகச் செய்த ஸ்ட்ராங் ஏல் இதற்கு நேர்மாறானது. குளிர்ச்சி இறங்க இறங்க அதன் மணம் விரியும். கோப்பையின் கடைசி மிடறு முதல் மிடற்றைவிட நன்றாக இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் வைத்துக்கொண்டே எந்த ஸ்ட்ராங் பீரையும் நீங்கள் சோதித்துப் பார்க்கலாம்.

லா ஃபேன் டு மோண்டைத் தயாரிக்கும் யூனிப்ரூ நிறுவனம் அதை 1994இல் வெளியிட்டது. பெல்ஜியர்கள் 'டிரிபெல்' என்று அழைக்கும் வகையைப் பின்பற்றிய பொன்னிற ஏல் அது. ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் உலகின் விளிம்புக்கே வந்துவிட்டதாக எண்ணினார்களாம். அவர்களின் நினைவாக 'உலகின் முடிவு' என்று பெயர் வைத்ததாக நிறுவனம் சொல்கிறது. பெயரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அளவைக் கண்டு பயப்பட வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த ஏலை எப்படிச் சுவைத்துப் பார்க்க வேண்டும்? சாதாரண பீரைப்போல் குளிரவைத்துக் குடித்தபோது, விலைக்கு ஏற்ற சிறப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.
— வாசகர், டொராண்டோ

குளிர்தான் காரணம். வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குள் வெப்பநிலை ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸ் இருக்கும். இந்த ஏலுக்கு 8 முதல் 12 டிகிரி வரை ஏற்றது. பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலைக் கால் மணி நேரமாவது மேசைமீது நிறுத்தி வைத்துவிட்டுத் திறந்தால், நீங்கள் கொடுத்த விலையில் பாதி அப்போதுதான் கைக்கு வரும்.

பாட்டிலைப் படுக்க வைக்காமல், முந்தைய நாளிலிருந்தே நிமிர்த்தி வையுங்கள். இது பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்த ஏல். அடியில் ஈஸ்ட் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். கோப்பை, வாய் சற்றுக் குறுகி நடுவில் அகன்றதாக இருக்க வேண்டும். துலிப் மலர் வடிவக் கோப்பை இல்லையென்றால் ஒயின் கோப்பை போதும். நேரான உயரக் கண்ணாடி டம்ளர் கூடாது, ஏனெனில் அதில் மணம் தங்காது. கோப்பையில் சோப்புப் படலமோ எண்ணெய்ப் பிசுக்கோ சிறிதும் இருக்கக் கூடாது. துணியால் துடைக்காமல், குளிர்ந்த நீரில் அலசிய ஈரத்தோடு அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பையைச் சாய்த்துப் பிடித்து உட்சுவரின் வழியாக நிதானமாக ஊற்றி, பாதிக்கு மேல் வந்ததும் நிமிர்த்தினால் இரண்டு விரல் உயரத்துக்கு வெண்ணுரை எழும். அதை அடக்க முயல வேண்டாம். பாட்டிலின் அடியில் ஒரு விரற்கடை ஏலை மீதம் வைத்துவிடுங்கள்.

இப்போது குடிக்காமல் மோந்து பாருங்கள். நுரை உடையும்போது முதலில் வருவது ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் கலந்த மணம். அதன் பின்னால் கனிந்த வாழைப்பழத்தின் சாயல், பிறகு தேன், இன்னும் சற்றுப் பொறுத்தால் புளித்து உப்பிய ரொட்டி மாவின் வாசனை. இவற்றுக்கு நடுவே ஆல்கஹால் மலர் வாசனையைப்போல மென்மையாக மட்டுமே தெரிய வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி வந்தால் நொதித்தல் கட்டுப்பாடு இல்லாமல் நடந்திருக்கிறது என்று பொருள். இந்த ஏலில் நான் அதைக் கண்டதில்லை, ஆனால் இதைப் பார்த்துச் செய்த பல சிறு ப்ரூவரிகளின் (பீர் ஆலைகளின்) டிரிபெல்களில் கண்டிருக்கிறேன்.

முதல் மிடற்றை உடனே விழுங்காதீர்கள். சாதாரண பீரைவிட இதில் கரியமில வாயு மிகுதியாதலால், வாய்க்குள் போனதும் அது நுரைத்து நாக்கு முழுவதையும் மூடும். அந்த நுரைப்பு அடங்கும்போது தேன் போன்ற இனிப்பு தெரியும்; நடு நாக்கில் கொத்தமல்லி விதையின் காரமும் மிளகின் ஒரு சிறு குத்தலும் வரும். விழுங்கிய பிறகு நடப்பதுதான் தேர்வு. இனிப்பு நாக்கில் தங்காமல் வடிந்துவிட்டதா, உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா, சூடு தொண்டையில் எரிகிறதா அல்லது சற்று நேரம் கழித்து மார்பில் மெதுவாகப் பரவுகிறதா என்று கவனியுங்கள். நல்ல டிரிபெல், இனிப்பாகத் தொடங்கி வறண்டு முடியும். லா ஃபேன் டு மோண்ட் அப்படித்தான் முடிகிறது. ஆனால் முழுவதுமாக அல்ல. பீரின் கசப்பை அளக்கும் ஐபியு அளவில் இது 19 என்ற குறைந்த எண்ணைச் சுற்றியே இருப்பதால் முடிவின் வறட்சியை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) தருவதில்லை. நொதித்தல் முழுமையாக நடந்ததும், நிறைந்த வாயுவும்தான் தருகின்றன. பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலே டிரிபெல் இதைவிடத் தெளிவாகக் கசக்கும், அதனால் இன்னும் சுத்தமாக முடியும். ஷாம்ப்ளியின் இந்த உருண்டையான சுவை முதல் கோப்பைக்கு இன்பமாக இருக்கிறது. இரண்டாவதில் எனக்குச் சற்றுத் திகட்டுகிறது.

மீதம் வைத்த ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே ஒரு சுழற்றுச் சுழற்றி, கோப்பையில் பாதி காலியானதும் சேர்த்துப் பாருங்கள். நிறம் கலங்கும், ரொட்டி மணம் கூடும், கிராம்பு சற்றுப் பின்வாங்கும். எது பிடிக்கிறது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

என் பாட்டிலின் அடியில் வெண்மையாக ஏதோ படிந்திருக்கிறது. கெட்டுப்போன பீரா?
— வாசகி, மிசிசாகா

இல்லை. மேலே சொன்ன ஈஸ்ட் அது. உடலுக்குக் கேடு எதுவும் இல்லை. மிகுதியாகக் குடித்தால் சிலருக்கு வயிறு உப்பும், அவ்வளவுதான்.

கிராம்பு, வாழைப்பழம், கொத்தமல்லி என்று அடுக்குகிறீர்கள். இவற்றையெல்லாம் உண்மையிலேயே போடுகிறார்களா, அல்லது எசென்ஸ் கலக்கிறார்களா?
— வாசகர், கோயம்புத்தூர்

கொத்தமல்லி விதையையும் ஆரஞ்சுத் தோலையும் பீரில் சேர்ப்பது பெல்ஜியத்தில் பழைய வழக்கம். ஹூகார்டன் என்ற ஊரில் முற்றிலும் நின்றுபோயிருந்த கோதுமை பீரை 1966இல் பியர் செலிஸ் மீண்டும் தயாரிக்கத் தொடங்கியபோது இவை இரண்டும் அதில் இருந்தன. இன்று அந்தப் பாணியைப் பின்பற்றும் பல ப்ரூவரிகள் சேர்க்கின்றன. ஆனால் கிராம்பையும் வாழைப்பழத்தையும் யாரும் போடுவதில்லை. அவற்றை உண்டாக்குவது ஈஸ்ட்.

பார்லி, கோதுமை ஆகிய தானியங்களின் செல் சுவரில் ஃபெருலிக் அமிலம் என்ற ஒரு பொருள் இருக்கிறது. பீர் செய்யப் பயன்படும் பெரும்பாலான ஈஸ்ட் வகைகள் அதைக் கண்டுகொள்வதில்லை. பெல்ஜிய ஏல்களுக்கு உரிய பல வகைகளோ அதைச் சிதைத்து, வினைல் குவாயக்கால் என்ற சேர்மமாக மாற்றிவிடுகின்றன. உண்மையான கிராம்புக்கு மணம் தரும் யூஜெனால் இதற்கு நெருங்கிய உறவு. அதனால்தான் மூக்கு ஏமாறுகிறது. வாழைப்பழத்தில் ஏமாற்றமே இல்லை. ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டரும் பழத்தில் உள்ளதும் ஒரே பொருள்.

இந்த இரண்டின் அளவையும் தீர்மானிப்பதில் வெப்பநிலைக்குப் பெரும் பங்கு உண்டு. லாகரைப் பொதுவாக 8 முதல் 12 டிகிரியில் நொதிக்க வைப்பார்கள். அங்கே ஈஸ்ட் அடக்கமாக இருக்கும். பெல்ஜியர்கள் தங்கள் ஏலை 18 அல்லது 20 டிகிரியில் தொடங்கி, நொதித்தலில் பிறக்கும் சூட்டிலேயே அது இருபதுகளின் நடுப்பகுதி வரை ஏறும்படி விட்டுவிடுவார்கள். தொடக்கத்திலேயே அந்த வெப்பத்தை அடைந்துவிட்டால் எரிச்சல் தரும் கன ஆல்கஹால்கள் மிகுந்துவிடும். கடைசி வரை குளிராகவே வைத்திருந்தால் சர்க்கரை தீராமல் நின்றுவிடும். ஏற்றத்தின் வேகத்தைக் கையாள்வதில்தான் ப்ரூவரின் கைத்திறன் இருக்கிறது.

ஆகவே பெல்ஜியத்தில் ஒரு ப்ரூவரியின் உண்மையான சொத்து அதன் ஈஸ்ட்தான். ப்ரேண்டாங்க் ஊரில் 1871இல் ப்ரூவரி தொடங்கிய மோர்ட்காட் குடும்பத்தினரின் டூவெல் என்ற ஏல் இதற்குத் தக்க சான்று. முதல் உலகப் போருக்குப் பிறகு ஆங்கிலேய, ஸ்காட்டிஷ் ஏல்களைப் போன்ற ஒன்றைச் செய்ய விரும்பி, ஸ்காட்லாந்திலிருந்து ஈஸ்ட் கொண்டுவந்தார்கள் என்பது அந்நிறுவனம் சொல்லும் வரலாறு. முதலில் அடர் நிறமாக இருந்த அந்த ஏல், இன்று நாம் அறிந்த வெளிர் பொன்னிறத்துக்கு 1970இல்தான் வந்தது. லூவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ழான் டி கிளர்க் அதன் ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து கொடுத்தார். துறவியர் ப்ரூவரியான ஷிமேயின் ஈஸ்ட்டைச் சீர்படுத்தியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

இந்த வகை பீர்களில் சர்க்கரை சேர்க்கிறார்கள் என்று அறிந்தேன். செலவைக் குறைக்கச் செய்யும் கலப்படம்தானே இது?
— வாசகர், மதுரை

மலிவான லாகர்களில் சர்க்கரையும் அரிசியும் சேர்வதற்குச் செலவும் ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் டிரிபெல்லில் சர்க்கரையை எடுத்துவிட்டால் டிரிபெல்லே இல்லை.

காரணம் எளியது. முளைகட்டிய பார்லியிலிருந்து கிடைக்கும் சாற்றில் ஈஸ்ட்டால் உண்ண முடியாத பெரிய மாவுச்சத்து மூலக்கூறுகளும் இருக்கும். அவை நொதித்த பிறகும் தங்கி, பீருக்குக் கனத்தையும் ஒருவகைக் கொழகொழப்பையும் கொடுக்கும். ஐந்து சதவீதப் பீரில் அது வேண்டியதே. முழுவதும் பார்லியை மட்டும் கொண்டு ஒன்பது சதவீதத்தை எட்ட முயன்றால், ஆல்கஹால் கூடும் அதே விகிதத்தில் இந்த மிச்சமும் கூடி, ஒரு கோப்பையை முடிப்பதே சிரமமாகிவிடும். சர்க்கரையை ஈஸ்ட் முழுவதுமாக உண்டுவிடுகிறது. நொதிக்கக்கூடிய பொருளில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை சர்க்கரையாக இருந்தால், ஆல்கஹால் வேண்டிய அளவுக்கு ஏறும், கனமோ ஏறாது. சர்க்கரை போட்டதால் இனிப்புக் குறைந்த பீர் கிடைக்கிறது. கேட்பதற்கு முரணாகத் தோன்றும். கோப்பையில் வைத்துப் பார்த்தால் புரியும்.

இந்தச் சர்க்கரை பெல்ஜியத்தில் பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து எடுக்கப்படுவது. வெளிநாடுகளில் வீட்டில் பீர் செய்பவர்கள் 'பெல்ஜியச் சர்க்கரை' என்ற பெயரில் கற்கண்டுக் கட்டிகளை அதிக விலை கொடுத்து வாங்குவதைப் பார்க்கிறேன். வெளிர் நிற ஏலுக்குச் சமையலறைச் சர்க்கரையே போதும். அடர் நிற டுபெல், குவாட்ருபெல் வகைகளில் சேரும் கருநிறச் சர்க்கரைப் பாகு வேறு; பனங்கருப்பட்டியைக் காய்ச்சும்போது எழும் வாசனைக்கு அருகில் வரும் மணத்தையும் உலர் திராட்சைச் சுவையையும் அதுதான் தருகிறது. அதற்கு மாற்று இல்லை.

பெல்ஜியர்கள் ஏன் இவ்வளவு வீரியமான பீருக்குப் பழகினார்கள் என்பதற்கு ஒரு சட்டமும் காரணம். எமில் வாண்டர்வெல்டே என்ற சோஷலிசத் தலைவரின் பெயரால் வழங்கும் 1919ஆம் ஆண்டுச் சட்டம், மதுக்கூடங்களில் ஜெனீவர் போன்ற காய்ச்சி வடித்த மதுவகைகளை ஊற்றிக் கொடுப்பதைத் தடை செய்தது. கடையில் வாங்குவதென்றாலும் குறைந்தது இரண்டு லிட்டர் வாங்க வேண்டும் என்றது. கூலித் தொழிலாளி ஒரே தடவையில் இரண்டு லிட்டருக்குப் பணம் கொடுக்க முடியாது என்பதே அதன் கணக்கு. பீருக்கு அந்தத் தடை இல்லை. தீவிரமான பானத்தைத் தேடியவர்களுக்குப் பீர் தயாரிப்பவர்கள் தீவிரமான பீரைக் கொடுத்தார்கள். அந்தச் சட்டம் 1983 வரை புத்தகத்தில் இருந்தது. வெஸ்ட்மாலே மடத்துத் துறவிகள் தங்கள் வெளிர் நிற ஏலுக்கு 'டிரிபெல்' என்று பெயரிட்டது 1934இல், 1956இல் அதன் செய்முறையைத் திருத்தினார்கள், இன்று 9.5 சதவீதம். உலகம் முழுவதும் டிரிபெல் என்று சொல்லிச் செய்பவர்கள் எல்லோரும், ஷாம்ப்ளிக்காரர்கள் உட்பட, அந்த ஒரு பீரை அளவுகோலாக வைத்துக்கொண்டுதான் செய்கிறார்கள்.

லா ஃபேன் டு மோண்ட் டிராப்பிஸ்ட் பீரா? கடையில் அப்படித்தான் சொன்னார்கள்.
— வாசகர், மாண்ட்ரியல்

அல்ல. டிராப்பிஸ்ட் என்பது சுவையின் பெயரோ பாணியின் பெயரோ அன்று. யார், எங்கே செய்தார்கள் என்பதைக் குறிக்கும், ஒரு கத்தோலிக்கத் துறவியர் சபையின் பெயர். மடத்தின் எல்லைக்குள் தயாராக வேண்டும், துறவிகள் செய்யவோ மேற்பார்வையிடவோ வேண்டும், வருமானம் மடத்தின் தேவைக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். பெல்ஜியத்தில் ஷிமே, ஓர்வால், ரோஷ்ஃபோர், வெஸ்ட்மாலே, வெஸ்ட்ஃப்லெடரன் ஆகிய ஐந்துக்கும் இன்று அந்த உரிமை உண்டு. ஆகெல் மடத்தில் துறவிகள் இல்லாமல் போனதால் 2021இல் அதன் பீர் முத்திரையை இழந்தது. செய்முறை மாறியதால் அல்ல. யூனிப்ரூ தொடக்கத்திலிருந்தே ஒரு வணிக நிறுவனம்.

கியூபெக்கிலும் டிராப்பிஸ்ட் துறவிகள் இருந்தார்கள். ஓகா என்ற இடத்தில் 1881இல் மடம் அமைத்து, 1893 முதல் பாலாடைக்கட்டி செய்தார்கள். இப்போது அதை ஒரு கூட்டுறவு நிறுவனம் தயாரிக்கிறது. கடையில் டிராப்பிஸ்ட் என்று எதையாவது வாங்கியே தீர வேண்டுமானால் அந்த ஓகா கட்டியை வாங்கி இந்த ஏலோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். மென்மையும் கொழுப்பும் சிறிது நாற்றமும் உள்ள அந்தப் பாலாடைக்கட்டியின் பிசுக்கை ஏலின் வாயு நாக்கிலிருந்து கழுவிவிடுகிறது. இதைவிடப் பொருத்தமான இணையை நான் அறியேன்.

நம் வீட்டுச் சமையலோடு இது ஒத்துவருமா? மட்டன் சுக்காவுடன் குடித்தபோது வாய் எரிந்தது.
— வாசகர், ஸ்கார்பரோ

எரியத்தான் செய்யும். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு வாயில்களை ஆல்கஹாலும் தூண்டுகிறது. வாயுவின் குத்தல் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஐந்து சதவீத லாகர் காரத்தைத் தணிப்பதுபோலத் தோன்றுவது அதன் குளிரால். ஒன்பது சதவீத ஏலை அந்தக் குளிரில் குடிக்கக் கூடாது என்று முன்பே சொன்னேன். ஆகவே சுக்கா, மிளகுக் கோழி, காரக்குழம்பு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த சொதி, மிளகாய் குறைத்துத் தேங்காய் அரைத்த மீன், நெய்யில் வதக்கிய இறால், ஏலமும் கிராம்பும் தாளித்த குருமா ஆகியவை நன்றாகச் சேரும். பெல்ஜியர்கள் வசந்த காலத்தில் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டை வெண்ணெயும் முட்டையும் சேர்த்து டிரிபெல்லோடு சாப்பிடுவார்கள். மென்மையான கொழுப்பு என்பதே அங்கும் விதி.

குடும்பத்தோடு படிக்கும் இதழில் மதுவைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா?
— வாசகி, திருச்சி

உங்கள் வருத்தம் நியாயமானதுதான். குடிக்காதவர்கள் குடிக்கத் தொடங்க வேண்டும் என்பதற்காக ஒரு வரியும் எழுதவில்லை. அடுத்த பதிலைப் படித்தால் குடிப்பவர்களும் குறைக்கக்கூடும்.

ஒரு பாட்டில் குடித்துவிட்டு வண்டி ஓட்டலாமா?
— வாசகர், லவால்

வேண்டாம். கணக்கைப் பாருங்கள். கனடாவில் 'ஒரு நிலையான அளவு' என்பது 341 மில்லி லிட்டர் பாட்டிலில் உள்ள ஐந்து சதவீதப் பீர். அதில் தூய ஆல்கஹால் ஏறக்குறைய 17 மில்லி. அதே 341 மில்லி பாட்டிலில் லா ஃபேன் டு மோண்ட் இருந்தால் ஆல்கஹால் 30 மில்லிக்கு மேல், அதாவது ஒன்றே முக்காலுக்கும் சற்று அதிகமான அளவு. 750 மில்லி பெரிய பாட்டில் ஏறக்குறைய நான்கு. ஆல்கஹாலை ஒளித்து வைக்கும் திறமையைத்தான் இவ்வளவு நேரம் புகழ்ந்துகொண்டிருக்கிறேன். நாக்குக்குத் தெரியாதது இரத்தத்துக்குத் தெரியும்.

இரத்தத்தில் 100 மில்லிக்கு 80 மில்லிகிராம் என்பது கனடாவின் குற்றவியல் சட்டம் வகுத்த எல்லை. கியூபெக்கில் 21 வயது வரையுள்ள ஓட்டுநர்களுக்கு எல்லை பூஜ்யம். எல்லைக்குக் கீழே இருந்தாலும் கையும் கண்ணும் தடுமாறும். 2023இல் வெளியான கனடிய வழிகாட்டுதல், வாரத்துக்கு இரண்டு நிலையான அளவுகளுக்குள் இருந்தால் மட்டுமே ஆபத்து குறைவு என்கிறது. அதன்படி சிறிய பாட்டில் ஒன்றே ஏறக்குறைய ஒரு வாரத்துப் பங்கு. பெரிய பாட்டிலை நான்கு பேர் பகிர்ந்துகொள்வதுதான் முறை. ஒருவர் மட்டும் என்றால் சிறிய பாட்டில், வீட்டில், உணவோடு.

பெரிய பாட்டிலைத் திறந்ததும் பாதி ஏல் நுரையாகப் பொங்கி மேசையெல்லாம் வழிந்துவிட்டது. கடைக்காரர் மாற்றித்தர மறுக்கிறார். யார் மேல் தவறு?
— வாசகர், பிராம்ப்டன்

வாங்கிவந்த அன்றே திறந்திருந்தால் வண்டியின் குலுக்கல்மேல்தான் தவறு. இவ்வகை ஏலில் வாயு மிகுதி. அதனால்தான் கனத்த கண்ணாடியும், கார்க்கை அடக்கும் கம்பி வலையும் போடுகிறார்கள். ஒரு நாள் முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் நிமிர்ந்து நின்ற பிறகும் பொங்கினால், அதோடு புளிப்பும் தெரிந்தால், பாட்டிலுக்குள் வேறு நுண்ணுயிர் புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது கடைக்காரர் மாற்றித்தர வேண்டும்.

யூனிப்ரூவை ஜப்பானிய நிறுவனம் வாங்கிவிட்டதாமே? பிறகும் அதை கிராஃப்ட் ப்ரூவரி (பெரிய நிறுவனத்தைச் சாராத சிறு பீர் ஆலை) என்று சொல்லலாமா?
— வாசகர், ஒட்டாவா

2004இல் கனடாவின் ஸ்லீமன் வாங்கியது. 2006இல் ஸ்லீமனையே ஜப்பானின் சப்போரோ வாங்கியது. உரிமையாளரை வைத்துப் பார்த்தால் சொல்ல முடியாது. ஆனால் இந்த அளவுகோலை நீட்டினால், அமெரிக்காவில் பெல்ஜிய பாணிக்கென்றே 1997இல் தொடங்கிய ஓமகேங், டூவெலின் மோர்ட்காட் குழுமத்துக்குச் சொந்தம் என்பதால் அதையும் விலக்க வேண்டிவரும். பாட்டிலில் நொதிக்க வைப்பது நேரமும் இடமும் விழுங்கும் வேலை. அதைக் கைவிடாத வரை என் பட்டியலில் யூனிப்ரூ இருக்கும். கைவிட்டால் முதல் மிடற்றிலேயே தெரிந்துவிடும்.

ஒயினைப்போல இதைப் பல ஆண்டுகள் சேமித்து வைத்தால் சுவை கூடுமா? அப்படியே இதற்கு அடுத்து எதைச் சுவைக்கலாம் என்றும் சொல்லுங்கள்.
— வாசகர், வான்கூவர்

அடர் நிறமும் பத்து சதவீதத்துக்கு மேல் வீரியமும் உள்ளவை தாங்கும், 11.3 சதவீதமுள்ள 'ரோஷ்ஃபோர் 10' என்ற ஏல் ஆண்டுகள் செல்லச் செல்ல அத்திப்பழமும் ஷெரி ஒயினும் போல மாறுவதைச் சுவைத்திருக்கிறேன். பொன்னிற டிரிபெல் அப்படியல்ல. அதன் அழகு ஆரஞ்சுத் தோலிலும் புதிய ஹாப்ஸிலும் இருக்கிறது. ஓரிரு ஆண்டுகளில் அவை மங்கி, தேன் மட்டும் மிஞ்சும், அதன் பிறகு ஈரக் காகித வாசனை வரத் தொடங்கும். வைப்பதென்றால் இருட்டில், நிமிர்த்தி, 12 டிகிரிக்கு அருகில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தக நாற்றம் பிறக்கும்; பழுப்புக் கண்ணாடி அதைத் தாமதப்படுத்துமே தவிர முழுவதுமாகத் தடுக்காது. கடையின் கண்ணாடி ஜன்னலோரத்தில் நிற்கும் பாட்டிலை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்துச் சுவைக்க வேண்டியது வெஸ்ட்மாலே டிரிபெல். அதையும் தனியாக அல்ல, லா ஃபேன் டு மோண்டோடு பக்கத்தில் வைத்து. இருவராவது சேர்ந்து, ஒவ்வொன்றிலும் சிறிய பாட்டில் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளுங்கள். கசப்புக் கூடிய வெஸ்ட்மாலேயை இரண்டாவதாக எடுங்கள். வரிசையை மாற்றினால் ஷாம்ப்ளி ஏல் வெறும் இனிப்பாகத் தோன்றிவிடும். நடுவில் வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதும். டூவெலை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.